உபுண்டு லேப்டாப்பில் டேலி வேண்டுமா?

உபுண்டு போன்ற லினக்ஸுக்கு மாறியவர்கள் பலர், விண்டோஸுக்கான கணக்கு மென்பொருளான டேலிக்காகவே மறுபடி விண்டோஸுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்பது கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் மென்பொருள். அது இலவசம், அதை நிறுவி, உபுண்டுவுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் விண்டோஸை ஓட்டலாம்.

முதலில் பயாஸை, அதாவது லேப்டாப் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புகளை, திறந்து பாருங்கள். கணினிக்குள் கணினியை ஓட்ட உதவும் வசதி, இன்டெல் சிப் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று இருக்கும். அது அணைந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். என் பழைய லேப்டாப்பில் இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

8 ஜிபி ராம் இருந்தால் விண்டோஸுக்கு 4 ஜிபி கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் உபுண்டு மூச்சுத் திணறும். விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி டிஸ்க் கேட்கும். 'டைனமிக்' வகையைத் தேர்ந்தெடுத்தால் பயன்படுத்தும் அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். எஸ்எஸ்டி இருந்தால் வேகம் நன்றாகவே இருக்கும்.

அப்புறம், விண்டோஸுக்குள் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளைப் போட மறக்காதீர்கள். அதன் பிறகுதான் திரை ஜன்னலின் அளவுக்கு விரியும், இரண்டு பக்கமும் காப்பி-பேஸ்ட் வேலை செய்யும், உபுண்டு ஃபோல்டரை விண்டோஸிலும் திறக்க முடியும்.

டேலியை நிறுவுவதற்கு முன் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். ஆனால் அப்படித் திரும்பும்போது இடையில் போட்ட கணக்கும் அழிந்துவிடும். அதனால் டேலி பேக்கப்பைத் தனியாக, அந்த விண்டோஸுக்கு வெளியே எடுத்து வையுங்கள்.