டீ, எலுமிச்சை சென்ட்: நிற்க வைக்கப் போய்க் கெடுக்கிற வழிகள்

மூணாறில் அடித்தது, போடிமெட்டு இறங்குவதற்குள் போய்விட்டது. தேயிலையும் எலுமிச்சையும் கலந்த சென்ட் வாங்குகிறவர்களின் வழக்கமான புகார் இது. சென்ட் போலி என்று அர்த்தமில்லை. எலுமிச்சை எண்ணெயும், அதன் இனத்துப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயும் சட்டென்று ஆவியாகிறவை. தோலில் அரை மணி நேரம் துள்ளினாலே பெரிது. டீ வாசனையும் பெரும்பாலும் இலையிலிருந்து எடுத்ததல்ல. மல்லிகைச் சாயலுள்ள ஹெடியோன், வயலட் பூ மணமுள்ள அயனோன் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டுவது. 1992இல் பல்கேரி நிறுவனத்துக்காக சென்ட் கலைஞர் ழான் க்ளோத் எலெனா செய்த பச்சைத் தேயிலை கொலோன்தான் இந்த வகைக்கு வழி திறந்தது. மெல்லியதாகவே செய்த சரக்கு. அதை நிற்க வைக்கப் பார்க்கும்போதுதான் கெடுக்கிறோம்.

மறையூர்ப் பக்கம் புல்தைலம், அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெய், சுலபமாகக் கிடைக்கும். வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று அதில் இரண்டு சொட்டு சென்ட் பாட்டிலில் விடுகிறார்கள். புல்தைலத்தில் பெரும்பகுதி எலுமிச்சை மணம் தூக்கலான சிட்ரால். டீ வாசனை அதோடு மூழ்கிவிடும், தோலும் அரிக்கும். விட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

டீத்தூளை ஸ்பிரிட்டில் ஊறப்போடுவது இன்னொன்று. இறங்குவது சாயமும் துவர்ப்பும்தான். வெள்ளை வேட்டியில் பட்டால் பழுப்புக் கறை. எலுமிச்சைச் சாறும் உதவாது, மணம் பழத்தோலில் இருக்கிறது. தோலை மடக்கி மெழுகுவத்திச் சுடர் பக்கம் பிதுக்கிப் பாருங்கள், படபடவென்று பொறி பறக்கும். அந்தத் துளிகள்தான் எண்ணெய்.

அந்த எண்ணெயை வீட்டில் கலப்பவர்கள் வெயிலை மறக்கக் கூடாது. செக்கில் பிழிவதுபோல் பழத்தோலிலிருந்து பிழிந்த பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்களில் பெர்காப்டென் போன்ற பொருள்கள் உண்டு. அவை நம் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்புண்போலச் சிவந்து கொப்பளிக்கும், கருந்தழும்பு மாதக்கணக்கில் கிடக்கும். கழுவாமல் தோலில் தங்கும் சரக்கில் இப்படிப் பிழிந்த பெர்கமாட் 0.4 சதவீதம், எலுமிச்சை 2 சதவீதம் என்பது உலக வாசனைத் தொழில் சங்கமான இஃப்ராவின் வரம்பு. 100 மில்லியில் பெர்கமாட் அரை மில்லிகூட வராது! பெர்காப்டென் நீக்கிய பெர்கமாட், இனிப்பு ஆரஞ்சு எண்ணெய் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. தோட்டத்தில் வெயிலில் நிற்கிறவர்கள் கழுத்தில் அடிக்காமல் சட்டையில் அடிப்பது நல்லது.

ஜீப் டேஷ்போர்டில் பாட்டிலை வைப்பவர்களும் உண்டு. சூடும் காற்றும் பட்டால் எலுமிச்சையின் லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து டர்பன்டைன் வாடை அடிக்கும். அப்படிக் கெட்டது தோலில் அலர்ஜியும் கிளப்பும். பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், கெடுவதும் வேகம். பீரோவின் உள் தட்டு போதும்.

தலையில் தேங்காய் எண்ணெயும் மல்லிகைச் சரமும் இருக்கிற நாளில் இதை அடிப்பது வீண்.

குமுளியில் ஏலக்காய்க் கடை வாசலில் நின்று முகர்ந்து வாங்காதீர்கள். மூக்கு அங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கும். முன்கையில் ஒரு தடவை அடித்து, தேய்க்காமல், அரை மணி நடந்துவிட்டு மறுபடி முகருங்கள். அப்போது மிஞ்சியிருப்பதற்குத்தான் காசு. பிறகு ஒரு சாண் தள்ளிப் பருத்திச் சட்டையில் நாலு தடவை, மத்தியானம் மறுபடி அடிக்க 10 மில்லி கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கையோடு.