ஒரே திறன்பேசி, இரண்டு பிள்ளைகள்

2020 மார்ச் 18 அன்று, கொரோனா பரவலைத் தடுக்க, மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருந்தது ஒரே திறன்பேசி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோ இருவர். இயங்கலை (ஆன்லைன்) வகுப்பும் இருவருக்கும் ஒரே நேரத்தில். முதல் வாரம் சண்டையிலேயே கழிந்தது. கத்தியதில் பாதி என் குரல்தான்.

பிறகு வெட்கப்படாமல் ஆசிரியரிடம் நிலைமையைச் சொன்னேன். பெரியவளுக்கு நேரலை வகுப்பு. சின்னவனுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் பயிற்சிகளை இரவே தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவேன்.

பின்னம் மட்டும் அவன் தலையில் ஏறவில்லை. ஒருநாள் தோசையை நான்காகப் பிய்த்து, ஒரு துண்டைத் தின்னச் சொன்னேன்.

“மிச்சம் நான்கில் மூன்று, அம்மா!” என்றான், வாயெல்லாம் சட்னியோடு.

அன்றிலிருந்து கணக்குப் பாடம் அடுப்படியில்தான். மாவுதான் இரட்டிப்பாகக் கரைந்தது.