பழைய வீட்டுக்கு ஒயரிங் மாத்தப் போறீங்களா? மொதல்ல ஒரு சாக்பீஸ் வாங்குங்க

வேலூர் கொசப்பேட்டையில எங்க வீடு நைனா காலத்துல கட்டினது. ரூமுக்கு ஒரு பல்பு ஒரு ஃபேனு, ஹால்ல ரேடியோவுக்கு ஒரு பிளக் பாயிண்ட், அவ்ளோதான் அன்னைக்கு கணக்கு. அதே ஒயர்ல நாங்க ஃப்ரிட்ஜு, மிக்ஸி, மோட்டாரு, வாட்டர் ஹீட்டர்னு மாட்டிக்கினே போனோம், ஒரு மார்கழி காலையில ஹீட்டர் பிளக் உருகி சாக்கெட்டோட ஒட்டிக்கிச்சு. பிரிச்சு பாத்தா உள்ள இருந்தது லைட்டுக்கு போடற ஒயரு.

அதுக்கப்புறம் மொத்த வீட்டையும் மாத்தினோம், அதுல கத்துக்கிட்டத சொல்றேன். எல்லாரும் கடைக்கு போயி மொதல்ல ஸ்விட்ச் பிளேட்டு கலர்தான் பாக்குறாங்க, நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். அத கடைசியா வெச்சுக்கங்க. ஸ்விட்ச எப்ப வேணா மாத்தலாம், சுவருக்குள்ள போற ஒயர மாத்த திரும்ப சுவத்துல காடி (நீள பள்ளம்) வெட்டணும்.

மொதல்ல ஒரு நோட்டுல வீட்ல என்னென்ன ஓடுது, அடுத்த அஞ்சு வருஷத்துல என்ன வாங்குவீங்க, எல்லாத்தையும் வாட்ஸோட எழுதுங்க. ஒன்றரை டன் ஏசி சுமாரா 1,700 வாட்ஸ், ஹீட்டர் 2,000, அயர்ன் பாக்ஸ் 1,000, ஒரு எச்பி மோட்டார் 750ன்னு வெச்சுக்கங்க. நாலும் ஒரே நேரத்துல ஓடினா 5,450 வாட்ஸ், 230 வோல்ட்டால வகுத்தா கிட்டத்தட்ட 24 ஆம்பியர். இதுக்கு மேல லைட்டு, ஃபேன், ஃப்ரிட்ஜ் வேற. இந்த கணக்கு உங்க ஈபி கார்டுல இருக்கற லோடுக்குள்ள (வீட்டுக்கு அனுமதிச்ச அளவு) அடங்குதான்னு பாருங்க, அடங்கலன்னா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லோடு ஏத்தறதுக்கு எழுதி போடுங்க. கார்டு இன்னும் தாத்தா பேர்லயே இருந்தா பேர் மாத்தற வேலையையும் சேத்தே முடிச்சிடுங்க.

அப்புறம் சாக்பீஸ். ரூம் ரூமா போயி கட்டில் எங்க வரும், டிவி எங்க, கிரைண்டர் எங்கன்னு சுவர்லயே வட்டம் போடுங்க, வீட்ல அம்மாவ கூட்டிக்கினு போடுங்க. கிச்சன்ல எத்தினி பாயிண்ட் வேணும்னு அவங்களுக்குத்தான் தெரியும், நான் ரெண்டு போட்டேன், அவங்க அஞ்சு போட்டாங்க, இப்ப அஞ்சும் பத்தல.

ஒயர் சைஸ் பத்தி: லைட்டு ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், 16 ஆம்பியர் பவர் பாயிண்டுக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் டிபி பாக்ஸ்ல (மெயின் கரண்ட ஒவ்வொரு லைனுக்கும் பிரிக்கற பொட்டி) இருந்து தனித்தனி லைன், அதுக்கு 4 போட்டா நிம்மதி. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கற காப்பர் ஒயர்தான் வாங்கணும். பழைய அலுமினிய ஒயர்ல புது காப்பர முறுக்கி டேப் சுத்தி விட்டுடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த ஜாயிண்ட் நாளாக ஆக லூசாகி சூடாகும்.

எம்சிபின்னா லோடு அதிகமானா தானா ட்ரிப் ஆகி கரண்ட நிறுத்தற ஸ்விட்ச், அது எதுக்குன்னு இன்னும் பல பேருக்கு புரியல. அது ஒயர காப்பாத்தறதுக்கு. 1.5 ஒயருக்கு 6 இல்ல 10 ஆம்பியர், 2.5க்கு 16 இல்ல 20. அடிக்கடி ட்ரிப் ஆவுதுன்னு 32 போட்டுட்டு போற ஆளுங்க இருக்காங்க, ட்ரிப் நின்னுடும், ஆனா சுவருக்குள்ள ஒயரு வேகும். மனுஷன காப்பாத்தறது ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்தற ஸ்விட்ச் அது, 30 மில்லிஆம்பியர்னு கேட்டு வாங்குங்க. பழைய வீட்ல அத மாட்டினதும் நிக்காம ட்ரிப் ஆச்சுன்னா பெரும்பாலும் வேற வேற லைனோட நியூட்ரல் (கரண்ட் திரும்பி போற ஒயர்) ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கும், முக்கியமா இன்வெர்ட்டர் லைன்ல. அத பிரிக்க சொல்லணும், ஆர்சிசிபிய கழட்ட சொல்லக்கூடாது.

எர்த்து, அதாவது கசியற கரண்ட மண்ணுக்கு எறக்கற லைன், அந்த விஷயத்துல நம்ம ஊருக்கு கூடுதல் தலைவலி. பாலாத்துல தண்ணி வர்றத அதிசயமா பாக்கற ஊரு, மலைய ஒட்டி இருந்தா தோண்டினதும் பாறை. கரியும் உப்பும் போட்டு பைப் எறக்கினாலும் மண்ணு காஞ்சிட்டா எர்த்து சரியா வேலை செய்யாது. குழி வாய மூடி சிமெண்ட் பூசிடாதீங்க, மேல ஒரு மூடி வெச்சு சித்திரை வைகாசியில வாரத்துக்கு ஒருவாட்டி ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.

எப்ப ஆரம்பிக்கறது? பொங்கல் முடிஞ்ச கையோட. ஐப்பசி மழையில சுவரு ஈரமா இருக்கும், கத்திரி வெயில்ல எலக்ட்ரீஷியன் எல்லாம் ஏசி மாட்டப் போயிடுவாங்க, ஃபேன் இல்லாம ரெண்டு நாள் வேலூர்ல இருந்து பாருங்க தெரியும்.

ஒரே தடவையில முடிக்க காசு இல்லன்னா பரவால்ல, இந்த வரிசையில போங்க: எர்த்து, மெயின், டிபி பாக்ஸ் மொதல்ல, அடுத்து ஹீட்டர் ஏசி கிச்சன் லைன், லைட்டு ஃபேன் லைனு அதுக்கப்புறம். கூலி பாயிண்ட் கணக்கா நாள் கணக்கான்னு மொதல்லயே பேசிடுங்க, காடி வெட்டறதும் பூசறதும் யார் வேலைன்னு கேட்டுடுங்க, எங்க வீட்ல அதுலதான் சண்டையே. லைசென்ஸ் இருக்கற ஒயர்மேன வெச்சே செய்யுங்க, மீட்டர்ல சீல் போட்ட பக்கம் ஈபி ஆளுங்கள தவிர யாரும் கை வைக்கக்கூடாது.

பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் டேப் புடிச்சு அளவு தெரியற மாதிரி ஃபோட்டோ எடுங்க, நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும். ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும், மாசம் ஒருவாட்டி அமுக்கணும். மறந்துடும்னு நாங்க அமாவாசைக்கு பூசணிக்கா சுத்தற அன்னைக்கு வெச்சுக்கிட்டோம். அமுக்கினதும் கரண்ட் போகணும், போகலன்னா அன்னைக்கே எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டுடுங்க.