சீனத்தில் 'வாய்ப்பு' என்று சொல்ல

மாண்டரின் சீனத்தில் வாய்ப்புக்கு 'ஜீஹுவெய்' என்பார்கள். முதல் அசையை உயர்ந்த குரலில் ஏற்ற இறக்கமின்றி நீட்டுங்கள். இரண்டாவதைச் சட்டென இறக்குங்கள். 'ஜீ'யை ஏற்றிச் சொன்னால் பொருள் 'பொதுக்கூட்டம்' என்று மாறிவிடும்.

வாய்ப்பு இருந்தால் 'யோவ் ஜீஹுவெய்', இல்லாவிட்டால் 'மெய்யோவ் ஜீஹுவெய்'. மற்ற வினைகளைப்போல் 'பு' போட்டு மறுக்கக்கூடாது. 'யோவ்' ஏற்பது 'மெய்'யை மட்டுமே. தக்க தருணத்துக்குச் சொல் வேறு: 'ஷிஜீ'.

நெருக்கடியைக் குறிக்கும் 'வெய்ஜீ'யில் ஆபத்தும் வாய்ப்பும் சேர்ந்திருப்பதாக மேடைதோறும் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அங்கே 'ஜீ' என்பது நிலைமை திரும்பும் கட்டம், வாய்ப்பு அல்ல. அதே எழுத்துதான் 'ஃபெய்ஜீ' (விமானம்), 'ஷோவ்ஜீ' (கைப்பேசி) என்ற சொற்களில் இயந்திரத்தைக் குறிக்கிறது.