புதிய தற்காப்புக் கலையின் முதல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தற்காப்புக் கலை எதையுமே அறியாமல் முதல் வகுப்புக்கு வருபவரைவிட, வேறொரு கலையில் சில ஆண்டுகள் பழகியவரே அங்கு அதிகம் தடுமாறுகிறார். கராத்தே பயின்ற ஒருவர் முதன்முறையாக ஜூடோ வகுப்பில் நிற்பதைக் கவனித்தால் இது புரியும். எதிரில் இருப்பவர் அவருடைய சட்டையைப் பற்றியதும், அவர் இரு கைகளையும் விறைப்பாக நீட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறார். குத்துக்கும் உதைக்கும் எட்டாத தூரத்தில் நின்றே பழகிய உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் விறைத்த கையும் பின்வாங்கும் எடையும் ஜூடோ பயின்றவருக்குத் தூக்கி எறிவதற்கான அழைப்பாகவே அமைந்துவிடுகின்றன.

இப்படித் தூக்கி எறியப்படும்போது நேர்வதுதான் மிகவும் ஆபத்தான தவறு. கீழே விழப்போகிறோம் என்று உணர்ந்த கணத்தில் கையைத் தரையில் ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பாக வருவது. உடலின் மொத்த எடையும் அந்த ஒரு மணிக்கட்டின் மீது இறங்குவதால் மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு ஆகியவற்றில் ஏதாவதொன்று முறியக்கூடும். ஜூடோவிலும் ஐகிடோவிலும் ‘உகேமி’ எனப்படும் விழும் பயிற்சியை முதலில் கற்பிப்பது இதனால்தான். பின்புறமாக விழும்போது இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்ப்பதுபோல் முகவாயை மார்போடு ஒட்டி வைத்து, முதுகை வளைத்து, உடலிலிருந்து சுமார் 45 பாகை விலகிய நிலையில் முன்கை முழுவதையும் உள்ளங்கையோடு சேர்த்து விரிப்பின் மீது அறைய வேண்டும். பின்மண்டை தரையில் மோதாமல் காப்பது அந்த முகவாய்தான். பத்து நிமிடம் உருண்டு விழுந்தவுடன் சலித்துப்போய், “வீசும் முறையை எப்போது சொல்லித் தருவீர்கள்?” என்று கேட்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வீசத் தெரியாமல் அந்த வகுப்பை முடித்துவிடலாம், விழத் தெரியாமல் முடிக்க முடியாது.

பிடிகளையும், மூட்டுகளை மடக்கித் திருகும் பூட்டுகளையும் அடிப்படையாகக் கொண்ட கலைகளில், குறிப்பாகப் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில், தோல்வியை ஒப்புக்கொள்ளத் தயங்குவது அடுத்த பெரிய தவறு. எதிராளியின் உடலிலோ விரிப்பிலோ அவருக்குத் தெளிவாகத் தெரியும்படி இரண்டு மூன்று முறை தட்டினால் போதும், பிடி விடப்படும். கைகள் இரண்டும் சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். வலி வந்த பிறகு தட்டிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் சிக்கல். குதிகாலைத் திருகும் பூட்டில் முழங்காலின் தசைநார் சேதமடையத் தொடங்கும்வரை வலியே பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். கழுத்தின் இருபுறத் தமனிகளையும் அழுத்தும் பிடியிலோ 10 நொடி அளவிலேயே நினைவு தப்பக்கூடும். உடல் வலுவுள்ளவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்: மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுபலத்தையும் போட்டு உதறி, இரண்டாவது நிமிடத்திலேயே களைத்துப்போய், அதன்பின் கற்றுக்கொள்ளும் நிலையிலேயே இல்லாமல் கிடப்பார்கள்.

அடிக்கும் கலைகளில் பழைய பழக்கம் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். ஒலிம்பிக் விதிகளின்படி நடக்கும் டேக்வாண்டோவில் முகத்தில் குத்துவதற்கு அனுமதி இல்லாததால், அதில் பழகியவர்களின் கைகள் தாமாகவே கீழே இறங்கியிருக்கும். குத்துச்சண்டை வகுப்பில் முதல் நேர்க்குத்து மூக்கில் விழுந்த பிறகே அது அவர்களுக்குத் தெரியவரும். பக்கவாட்டில் திரும்பி முன்காலில் எடையை வைத்து நிற்கும் குத்துச்சண்டைக்காரருக்கோ, தாய்லாந்தின் முய் தாய் வகுப்பில் அந்த முன்காலின் மீதே உதை விழும். முய் தாயில் முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பால் உதைப்பார்கள். அதைப் புறங்காலால் செய்யப்போய், எதிராளியின் முழங்கையில் இடித்துக்கொண்டு நொண்டியபடி திரும்புவது புதியவர்களிடையே வாடிக்கை. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக் கைமுட்டியை மடக்குவதும், கைகளில் கட்டுத்துணி சுற்றாமல் கனமான பையைக் குத்துவதும் சிறிய விஷயங்களாகத் தோன்றினாலும், பல நாள்கள் கையைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும்.

உடை விஷயத்தில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. நகங்களை வெட்டி, மோதிரம், தோடு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, துவைத்த உடையில் வந்தால் போதும். படர்தாமரை போன்ற தோல்நோய்கள் விரிப்பின் வழியாகவும் உடல் உரசலாலும் எளிதில் பரவுவதால், தோலில் தடிப்போ புண்ணோ இருக்கும்போது வகுப்புக்குப் போகாமல் இருப்பதே நாகரிகம். ஒரு கலையில் பெற்ற கறுப்புக் கச்சையை இன்னொரு கலையின் வகுப்புக்குக் கட்டிக்கொண்டு போவதைத் தவிர்க்க வேண்டும். 1882-இல் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ தம் மாணவர்களின் படிநிலையைக் காட்டத்தான் கறுப்புக் கச்சையைக் கொண்டுவந்தார். ஒரு முறையில் பெற்ற படிநிலை இன்னொரு முறையில் செல்லாது. ஜூடோ, கராத்தே சட்டைகளை அணியும்போது இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மடிப்பை மேலே இட்டு உடுத்துவது, ஜப்பானிய வழக்கத்தில் இறந்தவருக்கு உரியது.

“எங்கள் முறையில் இதை இப்படித் தடுப்போம்” என்று ஆசானிடம் இடையிடையே விளக்குவதும் வேண்டாம். அப்போது கற்றுத்தரப்படுவது காதில் விழுவதில்லை. ஒரே வகுப்பை வைத்துக் கலையையே எடைபோடுவதும் இதைச் சார்ந்த தவறுதான். களரிப்பயட்டில் ஆயுதத்தைத் தொடுவதற்கு முன் ‘மெய்த்தாரி’ எனும் உடற்பயிற்சிக் கட்டம் இருக்கிறது. சிலம்பத்திலும் கம்பின் வேகத்திற்கு முன் காலடிதான் சீராக வேண்டும். முதல் நாளில் இவை சண்டைக்குத் தொடர்பில்லாதவைபோலத் தோன்றும்.

பழைய மூட்டுக் காயம், ஆஸ்துமா, அறுவை சிகிச்சை ஆகியவற்றை ஆசானிடம் வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், பயிற்சித் துணையிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். ஆசான் அதைக் காதில் வாங்காமல், விழக்கூடச் சொல்லித் தராமல், முதல் நாளிலேயே மூத்த மாணவர் ஒருவரோடு முழு வேகத்தில் மோதவிட்டால், பாதியிலேயே வணங்கிவிட்டுக் கிளம்பிவிடலாம்.