குதிகால் வலிக்குப் பிறகு குமுளி ஏற்றம்

மாரத்தானைவிட நீளமான அல்ட்ரா ஓட்டத்துக்கு, 50 கிலோமீட்டருக்கு, பயிற்சி எடுக்கும்போது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் மக்கர் செய்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் நாலு எட்டு நொண்டல்தான். வெறும் ஓய்வில் தசைநாண் வலுப்பெறாது என்றார் பிசியோ.

வாசல்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். 15 தடவை, 3 சுற்று, இருவேளையும், 12 வாரம். "என்ன தம்பி, படியை அளக்கிறியா?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

அப்புறம் தேனி மாவட்டக் கூடலூர்த் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சமதளத்தில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. மறுநாள் வலி கூடினால் ஓட்டம் கிடையாது. மலையடிவார லோயர் கேம்ப்பிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் மலைச்சாலையைக் கடைசிக்கு வைத்தேன். ஏற்றத்தில் குதிகால் தசைநாண் அதிகம் இழுபடும். இப்போதும் அங்கே நடைதான். அல்ட்ராவில் ஏற்றத்தை நடந்து கடப்பது சகஜம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.