பிரபஞ்சத்தை வரையப் போகிறீர்களா? சில எச்சரிக்கைகள்

பிரபஞ்சம் வளர்ந்த கதையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி சிமுலேஷனின் தரவு 2018 கடைசியிலிருந்து எல்லோருக்கும் இலவசம். துல்லியம் குறைந்த பதிப்பை இறக்கிக்கொண்டால், சேலத்து ஹாஸ்டல் அறையில் பைத்தான் ஓடும் லேப்டாப்பே போதும். ஆனால் இந்தத் தரவை வைத்துப் பிராஜெக்ட் செய்பவர்கள் பலரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் படத்துக்குப் ‘பெருவெடிப்பு’ என்று தலைப்பு வைக்காதீர்கள். கணக்கே செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி எவ்வளவு நீண்டது என்பதை வைத்துக் காலத்தைச் சொல்லும் எண்) 127-இல், பெருவெடிப்புக்குச் சுமார் 1.2 கோடி ஆண்டு கழித்துத்தான் தொடங்குகிறது. நமக்குத் தரப்படும் 100 காலக்கட்டங்களில் முதலாவதன்போது பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய 18 கோடி வயது. இந்த நூறு கட்டங்களும் சம கால இடைவெளியிலும் இல்லை. வீடியோவாக்கினால் ஓரத்தில் வயதைப் போட்டுவிடுங்கள்.

பெரிய வினை, அடர்த்தியை நிறமாக்கும் அளவுகோலில்தான். விண்மீன் திரள்களின் மையத்தில் அடர்த்தி சராசரியைப் போல் பல லட்சம் மடங்கு. வெற்றிடங்களிலோ சராசரியில் சிறு பங்கு. அப்படியே வரைந்தால் கறுப்புத் திரையில் நாலு வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். லாக் (மடக்கை) எடுத்தால் திரள்களை இணைத்து வலையாகப் பின்னும் இழைகள் தெரியும். சரி என்று விட்டுவிட முடியாது: ஒவ்வொரு படத்துக்கும் உச்சத்தையும் அடியையும் மென்பொருளே தேர்ந்துகொண்டால், ஆரம்பகாலத்தின் மெல்லிய ஏற்றத்தாழ்வு இன்றைய வலையைப் போலவே பளிச்சென்று நிற்கும். வளர்ச்சியைக் காட்டத்தானே வீடியோ? அதுவே காணாமல் போகும். எல்லாப் படங்களுக்கும் ஒரே எல்லையைக் கையால் கொடுங்கள்.

வானவில் நிறங்களும் வேண்டாம். ‘ஜெட்’ வண்ணத்தில் மஞ்சள் பட்டை, தரவில் இல்லாத விளிம்பைக் காட்டும். பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பே 2017-இல் அதை இயல்பு வண்ணமாக வைப்பதைக் கைவிட்டு ‘விரிடிஸ்’ வண்ணத்தின் பக்கம் வந்துவிட்டது. கரும்பொருளுக்கு ஊதா நிறம் என்பதும் வரைபவர் விருப்பம்தான். அது ஒளியே விடாது.

ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் பார்த்தால், மைல் கணக்கில் தள்ளியிருக்கும் இரண்டு சேலத்து விளக்குகள் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். டிஎன்ஜி100 பெட்டியின் (சிமுலேஷன் கணக்கிடும் கனசதுரப் பகுதி) 36 கோடி ஒளியாண்டு ஆழத்தையும் ஒரே தளத்தில் அழுத்தினாலும் அதே கதை, இல்லாத இழைகள் முளைக்கும். மெல்லிய சீவலாக வெட்டி, தடிமனைக் குறிப்பிடுங்கள்.

பிரபஞ்சத்தின் விரிவைக் காட்டுகிறேன் என்று பெட்டியை நடுவிலிருந்து ஊதவிடுவது இன்னொரு வம்பு. பெட்டிக்கு நடுவே கிடையாது. வலது ஓரத்தில் வெளியேறும் துகள் இடது ஓரத்தில் உள்ளே வரும்படிதான் கணக்கு. விரிவை நீக்கிய ஆயத்தொலைவில் பெட்டி அசையாமல் இருக்கட்டும். ‘அப்ப எங்க சார் விரியுது?’ என்று யாராவது கேட்பார்கள். ‘விரிவை நீக்கித்தான் வரைந்திருக்கிறது’ என்ற பதிலைப் படத்தின் அடியிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.